கல்லும் காணியும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் நாம், தொப்பூர்க் கணவாயில் வளைவுகளைக் கண்டு அஞ்சுகின்றோம். இது படைகள் நடந்த பாதை என்பதை எண்ணுவதில்லை. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 நவம்பரில், திப்பு சுல்தானின் சேனை இவ்வழியே தெற்கே இறங்கியது. ஜெனரல் மெடோஸின் ஆங்கிலப் படை அதனைப் பின்தொடர்ந்தது. தளபதிகளின் பெயர்களை ஏடுகள் காத்து வைத்தன. உடன் நடந்த சிப்பாய்களுக்காக ஊரில் காத்திருந்த தாய்மாரையும் மனைவியரையும் யார் எழுதி வைத்தார்கள்?

ஆனால் இதே தருமபுரி மண், அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் வேறொரு வழக்கத்தைக் கொண்டிருந்தது. ஆநிரை மீட்கும் பூசலிலும், ஊரைக் காக்கும் போரிலும் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்தனர். ஆயுதம் ஏந்திய உருவமும், மன்னனின் ஆட்சியாண்டும், வீரனின் பெயரும், அவன் எதன்பொருட்டுப் பட்டான் என்ற செய்தியும் அக்கற்களில் உண்டு. அவன் மன்னனாக இருக்க வேண்டியதில்லை. எளிய சேவகனாயினும் அவன் பெயர் கல்லில் நின்றது. தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்களைக் காணலாம்.

கல்லை நட்டதோடு தம் கடமை தீர்ந்ததென்று முன்னோர் கருதவில்லை. மாண்டவனின் குடும்பத்தார்க்கு நிலமும் அளித்தனர். அந்நிலத்திற்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். சிந்திய உதிரத்திற்கு எந்த நிலமும் ஈடாகாது. ஆயினும் அவன் வீட்டு அடுப்பு அணையாதிருக்க அது உதவியது அன்றோ?

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 25 இலட்சம் இந்தியர் பணியாற்றினர். 87,000 பேர் மாண்டனர். பர்மாவில் தௌக்கியான் கல்லறைத் தோட்டத்திலுள்ள இரங்கூன் நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் உள்ளன. 'காணவில்லை' என்று மட்டும் தந்தி வந்தால், மனைவி தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா? தந்தையை இழந்த வீட்டில் மூத்த மகன் பள்ளியை விட்டு ஏரைப் பிடிக்கின்றான். அவன் இழந்த கல்வி, அவன் பிள்ளைகளின் வாழ்விலும் குறையாகத் தொடர்கின்றது. போர் ஓய்ந்த பின்னும் குடும்பங்களில் அது ஓய்வதில்லை.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாளைக் கொடி நாளாக அனுசரிக்கின்றோம். அன்று திரட்டப்படும் நிதி, படைவீரர் குடும்பங்களின் நலனுக்கும் உரியது. சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கின்றோம், மாலையில் மறந்துவிடுகின்றோம். நம் தெருவிலேயே அத்தகைய இல்லம் ஒன்று இருக்கலாம். ஓய்வூதிய மனு எழுதித் தருவதற்கும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு உதவுவதற்கும், விதைப்புக் காலத்தில் ஒரு நாள் ஏர் தருவதற்கும் கொடி நாள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கல் நட்டவர்கள் காணியும் தந்தார்கள். நாம் கொடியோடு நின்றுவிடலாமா?