பாயும் ரவை, இறுக்கும் கம்பி
மான் வேட்டைக்குச் சட்டம் இடமளிக்கும் நாடுகளில் ரவையைத் தேர்வதற்கே ஒரு நெறி உண்டு. அது உடலுக்குள் விரிந்து, இதயத்தையோ நுரையீரலையோ சிதைத்து, விலங்கை நெடுநேரம் துடிக்க விடாமல் வீழ்த்த வேண்டும். இலங்கையில் மரை மானைக் கொல்வதே குற்றம். ஆனாலும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மறைவாகச் சுருக்குக் கம்பி வைக்கப்படுகிறது. அதற்கு ரவையின் இரக்கம்கூடக் கிடையாது, மணிக்கணக்கில் இறுக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், லக்சபான தோட்டத்தில் கம்பியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, உயிரோடு மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. கம்பி வைப்போர் சொல்வதுபோல, மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறிவிடும் நட்டம் உண்மைதான். ஆனால் கம்பிக்குப் பன்றியும் சிறுத்தையும் வீட்டு நாயும் ஒன்றே. வலுவான வேலி பன்றியைத் தடுக்கும், எதையும் கொல்லாது. சுருக்குக் கம்பியைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.