பெட்டை நாய்க்குக் கருத்தடை: எப்பொழுது செய்வது?

களத்துமேட்டிலும் தோட்டத்திலும் இரவுக் காவலுக்கு ஒரு நாயாவது இல்லாத குடியானவர் வீடு நம் நாட்டுப்புறத்தில் அரிது. மாடு பருவத்துக்கு வரும் நாளைக் கவனித்திருந்து சினைக்கு விடுகிறோம். கன்று ஈனும் மாதத்தைக் கணக்கிட்டுத் தீவனம் ஒதுக்குகிறோம். ஆனால், வாசலில் படுத்திருக்கும் பெட்டை நாயின் பருவத்தை மட்டும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கவனக்குறைவின் பலனை ஊர் முழுவதும் அநுபவிக்க வேண்டியிருக்கிறது.

நான் முன்பு பணியாற்றிய வட்டாரத்தில் ஒரு விவசாயி நல்லதொரு பெட்டைக் குட்டியை வளர்த்து வந்தார். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்துவிடும்படி கால்நடை மருத்துவர் கூறினார். "நடவு முடியட்டும்" என்று விவசாயி தள்ளிப்போட்டார். ஐப்பசியில் நாய் பருவத்துக்கு வந்தது. மார்கழியில் ஆறு குட்டிகளை ஈன்றது. குட்டிகளுக்கு அருகே சென்ற பள்ளிச் சிறுமி ஒருத்தியைத் தாய் நாய் கடித்துவிட்டது. குட்டியைக் காப்பது தாயின் இயல்பு. நாயைக் குறை கூறிப் பயனில்லை. சிறுமி ஊசிக்காகப் பலமுறை ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். உடன் சென்ற தகப்பனார் அத்தனை நாள் கூலியையும் இழந்தார். மூன்று குட்டிகளை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அவை சந்தைத் திடலில் விடப்பட்டன. "ஒரு மாதம் முன்னதாகப் போயிருந்தால் இத்தனையும் நேர்ந்திராதே" என்று அந்த விவசாயி பின்னர் என்னிடம் வருந்தினார். காலம் அறிந்து செய்வதே இக்காரியத்தில் முக்கியம் என்பதை அன்று உணர்ந்தேன்.

பருவம் வரும் காலம்

பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாத வயதுக்குள் முதன்முறையாகப் பருவத்துக்கு வரும். சிறிய நாய் முந்தியும், பெரிய இன நாய் பிந்தியும் வருவது உண்டு. பின்புறம் சற்று வீங்கும், இரத்தம் கசியும், ஆண் நாய்கள் வாசலில் கூடும். இந்நிலை ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். முதல் பருவத்திலேயே சினை பிடித்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. தானே இன்னும் குட்டியாக இருக்கும்போதே தாயாகிவிடுகிறது.

எந்த வயதில் செய்யலாம்?

கட்டுத்தறியில்லாமல் ஊரைச் சுற்றிவரும் சாதாரண நாட்டு நாய்க்கு ஐந்து, ஆறு மாத வயதில், முதல் பருவம் வருமுன் செய்துவிடுவதே தக்கது. முன்னதாகச் செய்வதால் மடியில் கட்டி தோன்றும் அபாயம் மிகவும் குறையும் என்று 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறியது. அதற்குரிய சான்று வலுவானதன்று என்று 2012இல் வெளியான ஒரு மறுபரிசீலனை எடுத்துக்காட்டியது. ஆயினும், வயது முதிர்ந்த பெட்டை நாய்களுக்கு வரக்கூடிய, உயிருக்கே ஆபத்தான கருப்பைச் சீழ் நோயை இச்சிகிச்சை தடுக்கிறது என்பதில் ஐயமில்லை.

உயர்ந்து வளரும் பெரிய இனங்களுக்கு வேறு யோசனை தேவை. பருவ காலச் சுரப்புகள் எலும்பின் வளர்ச்சி முறையாக முடிவதற்கு உதவுகின்றன. சில பெரிய வெளிநாட்டு இனங்களில், ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்யப்பட்டவற்றுக்கு மூட்டு நோய்கள் அதிகம் காணப்பட்டதாக 2013 முதல் வெளிவந்த ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. சில பெட்டை நாய்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் அடங்காமல் கசிவதும் உண்டு. இது பெரிய நாய்களில் அதிகம். ஆகையால் ராஜபாளையம் போன்ற பெரிய நாயை வளர்ப்போர், ஒரு வயது வரை பொறுப்பதுபற்றி மருத்துவரைக் கலந்துகொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பருவம் வந்தால் மூன்று வாரமும் நாயை உள்ளே அடைத்துக் காக்க இயல வேண்டும். அவ்வாறு இயலாதவர் காத்திருப்பதில் நன்மையில்லை.

காலம் தவறிவிட்டால்

பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்கு இரத்த ஓட்டம் மிகுதி. ஆதலால் பருவம் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துச் செய்வது நலம். குட்டி போட்ட நாயானால், குட்டிகள் பால் மறந்து, மடி வற்றிய பின் அழைத்துச் செல்ல வேண்டும்.

தவறான எண்ணங்கள்

ஒருமுறை குட்டி போட்டால்தான் உடலுக்கு நல்லது என்று பலர் கூறுவர். இதற்கு ஆதாரம் இல்லை. காவல் குணம் போய்விடும் என்பதும் தவறு. அந்நியரைக் கண்டு குரைப்பதற்குக் கருப்பை காரணமன்று. உடல் பருக்கும் என்பதில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. சிகிச்சைக்குப் பின் தீனியைச் சற்றுக் குறைத்தால் போதும்.

முன்னும் பின்னும்

வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் முன்பே கொடுத்திருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் சிகிச்சையாதலால், மருத்துவர் கூறும் நேரம் முதல் நாய்க்கு உணவளித்தல் கூடாது. செய்தபின் பத்து நாட்கள் ஓடவும் தாவவும் விடாமல், சாணமும் ஈரமும் இல்லாத இடத்தில் கட்டிவைக்க வேண்டும். குளிப்பாட்டுதல் கூடாது. தையலை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீக்கமோ சீழோ கண்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

தெரு நாய்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை, 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி மன்றங்களிடமே ஒப்படைத்துள்ளன. ஆனால் தெருவில் திரியும் நாய்களில் பல, ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் பிறந்த வேண்டாத குட்டிகளே. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் உள்ள பெட்டை நாய்களையும் அவற்றின் வயதையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது நல்ல தொடக்கமாகும். ஆறு மாதத்தை நெருங்குபவற்றை ஒன்றுசேர்த்து, கால்நடை மருத்துவரிடம் ஒரு நாள் கேட்டு, வண்டி ஏற்பாடு செய்துவிட்டால், ஏழைக் குடும்பத்தாரும் தயங்காமல் வருவர். அதே நாளில் தடுப்பூசியும் போட்டுவிடலாம். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு வந்தால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

நடவுக்கு நாள் தவறினால் அந்தப் போகத்தின் விளைச்சல் குறையும். நாயின் பருவம் தவறினாலோ, அடுத்த வீட்டுக் குழந்தையும் அதன் துன்பத்தை அநுபவிக்க நேரிடும். உங்கள் வீட்டுப் பெட்டைக் குட்டிக்கு இப்பொழுது எத்தனை மாதம் என்று இன்றே கணக்கிட்டுப் பாருங்கள்.