கொல்லிமலை பஸ்ஸை மேஜையில் நிறுத்த முடியுமா? 'ஸ்கேல் மாடல்' உலகம் - ஒரு விளக்கம்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து சோளக்காடு வரை ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக் பிரியர்களின் ரீல்ஸில் அடிக்கடி தலைகாட்டும் ரோடு இது. அதில் ஒரே ஒரு வளைவை, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் அரசு பஸ்ஸோடு சேர்த்து, உங்கள் மேஜைமேல் வைக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு இடம் வேண்டும்? பஸ் எங்கே கிடைக்கும்?

முதல் கேள்விக்குக் கால்குலேட்டர் போதும். இரண்டாவதுதான் சிக்கல். ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினி என்று எது கேட்டாலும் சின்ன அளவில் கடையில் இருக்கிறது. நம்ம ஊர் மலை பஸ்ஸைப் பெரிய பிராண்டுகளின் பெட்டிகளில் தேடினால் கிடைக்காது. வேண்டுமென்றால் நாமே செய்ய வேண்டியதுதான். அதை எப்படிச் செய்கிறார்கள், ஏன் இப்போதே செய்ய வேண்டும்? பார்க்கலாம்.

முதலில், 'ஸ்கேல்' என்றால் என்ன?

1:64 என்றால், நிஜ வண்டியின் ஒவ்வொரு அளவையும் 64-ஆல் வகுத்தது. நீளம், அகலம், உயரம், சக்கரம் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். அவ்வளவுதான் மேட்டர். அம்பாசடர் காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். அது ஒவ்வொரு ஸ்கேலிலும் இப்படி வரும்:

- 1:18 - சுமார் 24 செ.மீ. கதவு, பானெட் எல்லாம் திறக்கும் ஷோகேஸ் சைஸ்.
- 1:24 - சுமார் 18 செ.மீ. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் 'கிட்'கள் அதிகம் வரும் அளவு.
- 1:43 - சுமார் 10 செ.மீ. ஐரோப்பிய சேகரிப்பாளர்களின் செல்ல அளவு.
- 1:64 - சுமார் 6.7 செ.மீ. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இந்த எண்கள் ஏன் இப்படி விநோதமாக இருக்கின்றன? காரணம், அடி-அங்குலக் கணக்கு. நிஜத்தில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம் என்றால் அது 1:24. 1:43 பொம்மை ரயிலில் இருந்து வந்தது. பிரிட்டனில் 'ஓ கேஜ்' ரயில் மாடல்களை ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று செய்தார்கள். அந்த ஸ்டேஷன் வாசலில் நிறுத்த கார்களும் அதே அளவில் வந்தன. ரயில் மோகம் குறைந்தபிறகும் கார் அளவு நிலைத்துவிட்டது.

அப்போ, ஹாட் வீல்ஸ் ஸ்கேல் மாடல்தானே?

பாதி ஆமாம், பாதி இல்லை. 1953-ல் லண்டனின் லெஸ்னி நிறுவனம் 'மேட்ச்பாக்ஸ்' வரிசையைத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் ஜாக் ஓடெல், தன் மகள் பள்ளிக்கு எடுத்துப்போக, தீப்பெட்டிக்குள் அடங்கும் குட்டி ரோடு ரோலர் ஒன்றைச் செய்தார். அதில் இருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். 1968-ல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 16 கார்களோடு ஹாட் வீல்ஸை இறக்கியது.

ஹாட் வீல்ஸின் சாதாரண வரிசையை எல்லோரும் 1:64 என்றுதான் சொல்வார்கள். ஆனால் அங்கே அளவை முடிவுசெய்வது பாக்கெட். காரும் ஏறக்குறைய 3 அங்குலம், பஸ்ஸும் ஏறக்குறைய 3 அங்குலம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பஸ் குட்டியாகிவிடும். இதை 'பாக்ஸ் ஸ்கேல்' என்பார்கள். நிஜ விகிதம் முக்கியம் என்பவர்கள் அதே 1:64-ல் துல்லியமாகச் செய்யும் பிராண்டுகளுக்குத் தாவுவது இதனால்தான்.

சேகரிப்பவர்களுக்கு வேறொரு போதையும் உண்டு. 1995 முதல் ஹாட் வீல்ஸ் 'டிரெஷர் ஹன்ட்' என்ற அரிய கார்களைச் சாதாரணக் கார்களோடு கலந்து அனுப்புகிறது. 'சூப்பர்' வகை என்றால் ரப்பர் டயரும் பளபளக்கும் தனி பெயின்ட்டும் இருக்கும். சூப்பர் மார்க்கெட் ஸ்டாண்டில் பெரியவர்கள் பாக்கெட் பாக்கெட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தால் இதைத்தான் தேடுகிறார்கள். மொத்தமாக அள்ளி, ஆன்லைனில் பல மடங்கு விலைக்கு விற்பவர்களும் உண்டு. புதிதாக வருபவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

இந்தியாவில் இது எப்போது வந்தது?

சக்கரம் வைத்த குட்டி வண்டி நமக்குப் புதிதல்ல. குழந்தைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேருக்கு என்றே ஒரு பருவம் இருக்கிறது.

உலோகக் கார்கள் வந்த கதை வேறு. பிரிட்டனின் 'டிங்கி டாய்ஸ்' பயன்படுத்திய பழைய அச்சுகள் 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் அதே கார்கள் வெளிவந்தன. பின்னர் 'லியோ மேட்டல்' பெயரில் ஹாட் வீல்ஸ் இந்தியாவிலேயே தயாரானது. வேறு நாட்டில் வராத கலர்களில் வந்ததால், அந்த இந்தியக் கார்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

நம்ம ஊர் வண்டிகள்? டெல்லியின் 'சென்டி டாய்ஸ்' பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசடர், ஆட்டோ போன்றவற்றைச் செய்கிறது. அதை வாங்கிப் பிரித்து, மறுபடி பெயின்ட் அடித்து, தங்கள் ஊர் வண்டியாக மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

விலை ஏன் இவ்வளவு?

ஒரு காரணம் வரி. சுங்க வரிப் பட்டியலில் 9503 என்ற தலைப்பின் கீழ்தான் பொம்மைகள் வருகின்றன. ஸ்கேல் மாடல்களுக்கும் அதே தலைப்புதான். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதம் ஆனது. 2023-ல் 70 சதவீதம் ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றுவது நோக்கம். ஆனால் நாற்பது வயதுக்காரர் ஷோகேஸில் வைக்க வாங்கும் 1:18 காரும், நான்கு வயதுக் குழந்தை தரையில் உருட்டும் காரும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

சரி, கொல்லிமலைக்கு வருவோம்: எவ்வளவு இடம் வேண்டும்?

கொல்லிமலையின் உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். அதை 1:64-ல் சுருக்கினாலும் 15 முதல் 20 மீட்டர் வரும். அதாவது, ஐந்தாறு மாடிக் கட்டடம்! எனவே முழு மலை கிடையாது. ஒரு வளைவு மட்டும்.

இந்திய சாலைக் காங்கிரஸின் மலைச்சாலை வழிகாட்டுதலின்படி, கொண்டை ஊசி வளைவின் உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும். ரோட்டின் அகலம் 9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளிப்பக்க ஆரம் 23 மீட்டர். வளைவின் மொத்த அகலம் 46 மீட்டர்.

- 1:64-ல் வளைவு 72 செ.மீ. 9 மீட்டர் பஸ் 14 செ.மீ. ஒரு மேஜையில் அடங்கும்.
- 1:24-ல் வளைவு 1.9 மீட்டர். பஸ் 37.5 செ.மீ. மேஜை பத்தாது, கட்டில் வேண்டும்.

ஆக, மலையைக் காட்ட வேண்டுமா, 1:64. பஸ்ஸின் சீட்டு, ஸ்டியரிங், படிக்கட்டு எல்லாம் தெரிய வேண்டுமா, 1:24. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. மாடல் செய்பவர் எடுக்கும் முதல் முடிவே இதுதான்.

இல்லாத பஸ்ஸை எப்படிச் செய்கிறார்கள்?

வரைபடம் எதுவும் தேவையில்லை. உங்கள் போன் போதும். பஸ்ஸுக்கு நேர் பக்கவாட்டில், முடிந்தவரை தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து ஒரு படம் எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் ஓரங்கள் வளைந்து, அளவு தப்பிவிடும்.

இப்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 10.00-20 என்றால் அதன் விட்டம் ஏறக்குறைய 1.05 மீட்டர். பிரின்ட் போட்ட படத்தில் டயர் 2 செ.மீ., பஸ் 17 செ.மீ. இருக்கிறதா? 17-ஐ 2-ஆல் வகுத்து 1.05-ஆல் பெருக்குங்கள். பஸ்ஸின் நீளம் சுமார் 8.9 மீட்டர். ஜன்னல், கதவு, ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கையால் பஸ் மாடல் செய்பவர்கள் பெரும்பாலும் பிவிசி ஃபோம் ஷீட்டை வெட்டி பாடி கட்டுகிறார்கள். கண்ணாடிக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட். ஊர்ப் பெயர், வண்டி எண், கோடுகளுக்கு ஸ்டிக்கர் கட்டிங். சக்கரத்துக்குப் பழைய பொம்மை டயர். இணைப்பு தெரியாமல் இருக்கப் பட்டி பூசி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகுதான் பெயின்ட்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜன்னலை ஒட்ட உடனடிப் பசை போட்டால், அதன் ஆவி பட்டு பிளாஸ்டிக்கில் வெள்ளை மூட்டம் படரும். வெள்ளைப் பசையே போதும், காய்ந்ததும் தெரியாது. இன்னொன்று: பெயின்ட், தின்னர் வேலைக்கு மாஸ்க்கும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

பட்டி, வாட்டர் பேப்பர், பிரைமர், இந்த வார்த்தைகளை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கொல்லிமலை அடிவாரத்தில் இருந்து சமவெளிக்கு இறங்கினால், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தின் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் தினமும் புழங்கும் வார்த்தைகள் இவை. காவிரியைத் தாண்டினால் கரூர், பஸ் பாடிக்குப் பேர்போன ஊர். கம்பெனியில் இருந்து வெறும் சேஸிஸ் வரும். கேபின், பாடி, பூ வேலை, பெயின்ட் எல்லாம் உள்ளூர்க் கைகளில். அதனால்தான் ஒரே கம்பெனி லாரி, பட்டறைக்குப் பட்டறை வேறு முகத்தோடு இருந்தது.

இது மாறிக்கொண்டிருக்கிறது. பஸ், லாரி பாடிகளுக்கு விதிமுறைகள் வந்துவிட்டன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்தது. வெயிலில் பல மணி நேரம் ஓட்டும் டிரைவருக்கு இது நல்ல செய்தி, சந்தேகமில்லை. ஆனால் கேபின் கம்பெனியிலேயே முழுசாக வர வர, மரத்தில் கட்டி, வர்ணம் தீட்டிய பழைய லாரி முகம் ரோட்டில் இருந்து மறைகிறது. ஓடி முடித்த வண்டிகள் உடைப்புக்குப் போகின்றன. பட்டறையில் கை அளவாகக் கட்டியவற்றுக்கு வரைபடமும் இருக்காது.

2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடருக்குப் பிரச்சினை இல்லை. அது நாடு முழுக்க ஒரே முகம். 1:43-ல் உலோக மாடலாகவே வந்திருக்கிறது. நாமக்கல் லாரிக்கும் மலை பஸ்ஸுக்கும் அப்படி யாரும் அச்சு வார்க்கப் போவதில்லை. அளந்து செய்த ஒரு மாடல் இருந்தால், அந்த வண்டியின் முப்பரிமாண ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.

தொடங்க விரும்பினால்...

- ஒரே ஸ்கேலைத் தேர்ந்தெடுங்கள். கலந்து வாங்கினால் ஷெல்ஃப் குழம்பும், பர்ஸும் குழம்பும்.
- சேகரிப்புக்கு ஒரு தலைப்பு வையுங்கள்: 'அப்பா ஓட்டிய வண்டிகள்', 'எங்க ஊர் ரூட் பஸ்கள்' மாதிரி.
- முதல் வேலையாக 1:24 கார் கிட் ஒன்றை ஒட்டிப் பழகுங்கள். பஸ் அதற்குப் பிறகு.
- நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். பெயின்ட்டும் ஸ்டிக்கரும் வெளுக்காது.
- முக்கியமாக, உங்கள் ஊர் பஸ்ஸையோ லாரியையோ முன்னால், பின்னால், இரண்டு பக்கம் என நான்கு படம் எடுத்து, டயர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடலை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம். வண்டி அதுவரை ஓடிக்கொண்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.