அட்டையில் உள்ள ரத்தப் பிரிவு போதாது

அரிவாள் செல் நோயின் கூறு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து அதை அறிவித்தார்கள். அந்த நோய் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதைக் குணமாக்க எலும்பு மஜ்ஜை மாற்றினால், அதற்குக் கொடுக்கும் மருந்துகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் சிறுநீரக மாற்று சிகிச்சையும் 1986-ல் மஜ்ஜை மாற்று சிகிச்சையும் தொடங்கின. இன்று ஒரே நோயாளிக்கு இரண்டும் தேவைப்படலாம். நீலகிரியின் எமரால்டு ஊரிலிருந்து ஒருவர் அப்படிப் போனால், முதலில் கேட்கப்படுவது அவருடைய ரத்தப் பிரிவு. மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது என்பதே என் வாதம்.

ஏ பிரிவில் பிறந்த ஒருவருக்கு ஓ பிரிவு அண்ணன் மஜ்ஜை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளங்கள் பொருந்தினால் ரத்தப் பிரிவு வேறாக இருப்பது மஜ்ஜை மாற்றுக்குத் தடையில்லை. சில மாதங்களில் தம்பியின் ரத்தமும் ஓ ஆகிவிடும். ஆனால் அவருடைய ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஏ அடையாளம் மாறாது. அந்த உடம்பில் வளர்ந்த புது மஜ்ஜை ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடியைப் பெரும்பாலும் உருவாக்குவதில்லை. அட்டையை மட்டும் பார்த்தால் ஏ பிரிவு மனைவியின் சிறுநீரகம் அவருக்கு ஆகாது. பிளாஸ்மாவைச் சோதித்தால் ஆகலாம் என்று தெரியவரும். அந்தச் சோதனையும் எளியதே. பிளாஸ்மாவை இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு மடங்கு என்று நீர்க்கச்செய்து, ஒவ்வொரு குழாயிலும் ஏ பிரிவுச் சிவப்பணுவைச் சேர்த்து, எந்தக் குழாய் வரை திரள்கிறது என்று பார்ப்பார்கள். நீர்க்காத குழாயிலேயே திரளாவிட்டால் ஆன்டிபாடியை அகற்றும் வேலையே இல்லை. மஜ்ஜை கொடுத்தவரே சிறுநீரகமும் கொடுத்தால் நிலைமை இன்னும் நல்லது. அப்படிப் பெற்ற இருவருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தே தேவைப்படவில்லை என்று 1991-ல் பாஸ்டன் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பிரிவு பொருந்தாத சிறுநீரகத்தையே ஜப்பானில் 1989 முதல் வைக்கிறார்கள், இங்கும் வைக்கிறார்கள், பிறகு இந்தப் பிளாஸ்மா சோதனை எதற்கு என்று கேட்கலாம். அதற்கு ரிட்டுக்சிமாப் மருந்தும், பிளாஸ்மாவைத் திரும்பத் திரும்ப மாற்றும் சிகிச்சையும் வேண்டும். மஜ்ஜை மாற்றுக்காக ஒருமுறை எதிர்ப்பாற்றல் அழிக்கப்பட்டு மீண்டு வந்த உடம்பில் அவற்றைத் தேவையில்லாமல் செலுத்துவது கிருமித்தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடுவது. செலவோ லட்சக்கணக்கில். ஆன்டிபாடி பின்னால் வராதா என்ற கேள்வி நியாயமானது. வரலாம். அதனால்தான் அறுவைக்கு முன்பும் பின்பும் அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எச்.எல்.ஏ. பொருத்தத்துக்கான கிராஸ்மேட்ச் சோதனையும் தனியே உண்டு. இத்தகைய நோயாளிகள் அரிது என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. தலசீமியாவுக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் மஜ்ஜை மாற்றிக்கொண்ட குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள்.

உங்கள் வீட்டில் மஜ்ஜை மாற்றிக்கொண்டவர் இருந்தால், பிறப்பிலிருந்த ரத்தப் பிரிவு, மஜ்ஜை கொடுத்தவரின் பிரிவு, மாற்றிய தேதி ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஊட்டிக்கோ கோவைக்கோ எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ரத்தம் ஏற்றும் முன் அந்தத் தாளைக் காட்டுங்கள்.