கள்ளிக்குத் தாகமில்லை, மூச்சுதான் திணறுகிறது

மாணவர்களே, கேமரன் மலைக்குச் சுற்றுலா போய் வந்தவர்களின் வீட்டுச் சன்னலோரத்தில் பெரும்பாலும் ஒரு சின்னக் கள்ளிச்செடி இருக்கும். மெர்சிங்கிற்கு வந்த சில மாதங்களிலேயே பல செடிகளின் அடிப்பகுதி பழுப்பேறிக் கொழகொழவென்று சாய்ந்துவிடும். நான் வாங்கிய முதல் கள்ளியும் அப்படித்தான் போனது. 'இந்த வெயிலில் வாடிவிடுமே' என்று தினமும் ஒரு குவளை நீர் ஊற்றினேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அதன் விஷயத்தில் உண்மையாகிப் போனது.

தவறு எங்கே நடந்தது? விடை உங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

இரவில் திறக்கும் கதவு

பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரிவளியை உள்ளிழுக்கின்றன. அப்போது நீரும் ஆவியாக வெளியேறுகிறது. பாலைவனத்தில் இது கட்டுப்படியாகாது. அதனால் கள்ளி தன் துளைகளைக் குளிர்ந்த இரவில் திறக்கிறது. உள்ளே வரும் கரிவளியை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்கிறது.

இந்த இரகசியத்தின் முதல் தடயங்களுள் ஒன்று நம் முன்னோர் மண்ணில் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தவர் பெஞ்சமின் ஹேய்ன். ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று அவர் 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தப் புளிப்பு, இரவில் சேர்ந்த அமிலம். (நீங்கள் சுவைத்துப் பார்க்க வேண்டாம், அந்த இலையில் நச்சுப் பொருள்கள் உண்டு.)

இவ்வளவு சிக்கனமான செடிக்குத் தினமும் நீர் எதற்கு? மண்ணின் இடைவெளிகளில் நீர் நிரம்பினால் காற்றுக்கு இடமில்லை. உயிர்வளி கிடைக்காத வேர் இறக்கிறது. இறந்த வேர் வழியே பூஞ்சை நுழைகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலையின் குளிர்ந்த இரவு கள்ளிக்கு உகந்தது. கடல்மட்டத்தில் இருக்கும் நம் ஊரிலோ இரவிலும் புழுக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. ஊற்றிய நீர் எளிதில் காயாது.

மண்ணும் ஒளியும்

பாதி தோட்டமண், பாதி கரடுமுரடான ஆற்றுமணல் அல்லது நுரைக்கல் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளி வந்துவிடாதீர்கள். அதிலுள்ள உப்பு, சவ்வூடு பரவலால் வேரிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடும்.

தொட்டியைக் காலை வெயில் விழும் கிழக்குச் சன்னலை ஒட்டி வையுங்கள். அறையின் நடுவில் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணின் பாவை விரிந்து ஈடுசெய்வதால் நமக்கு அது தெரிவதில்லை, செடிக்குத் தெரியும். உச்சி வெளிறி, மெலிந்து நீண்டால் அது ஒளியைத் தேடுகிறது என்று பொருள்.

பூ மெய்யா?

வாங்கும்போதே பூவை உற்றுப் பாருங்கள். வாரக்கணக்கில் வாடாமல், உச்சியில் காகிதம்போல் மொடமொடப்பாக இருந்தால், அது பசை வைத்து ஒட்டிய உலர்ந்த பூவாக இருக்கலாம். சிவப்பு, மஞ்சள் பந்து போன்ற தலையும் பூவன்று. பச்சையம் இல்லாத அந்தச் செடியால் தனக்கு உணவு தயாரிக்க முடியாது. அதனால் பச்சைத் தண்டின்மேல் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்டு பெரும்பாலும் நாம் உண்ணும் டிராகன் பழச்செடியின் இனம்.

மெய்யான பூ வேண்டுமானால் ஜிம்னோகாலிசியம் வகையைத் தேர்ந்தெடுங்கள். முள்ளும் மயிரும் இல்லாத வழவழப்பான மொட்டுதான் அதன் அடையாளம். வெப்பத்திலும் அது பூக்கும். மாமிலேரியா வகைகள் பலவற்றுக்குப் பூக்கும் முன் குளிரான, உலர்ந்த ஓய்வுக்காலம் தேவை. நம் கடலோரத்தில் அந்தக் குளிர் கிடைப்பது அரிது. அது பூக்கவில்லையென்றால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

சமையலறைத் தராசில் உலர்ந்த தொட்டியின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் ஊற்றி, வடிந்தபின் மீண்டும் நிறுங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து வரைபடம் வரையுங்கள். கோடு முதலில் இறங்கி, பிறகு கிடையாகப் படுக்கும். எடை மூன்று நாள் மாறாமல் இருந்தால் மண் உலர்ந்துவிட்டது. அதற்குப் பின்னும் ஒரு வாரம் பொறுத்து நீர் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று என இரு வரைபடங்களை ஒப்பிட்டால், எப்போது ஊற்ற வேண்டும் என்பதைத் தொட்டியே உங்களுக்குச் சொல்லிவிடும்.

எனது இரண்டாவது கள்ளி இன்னும் சன்னலோரத்தில் இருக்கிறது. அதற்கு நான் செய்த பேருதவி, பல நாள்கள் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான்.