பேசிக்கொண்டே ஓடும் வேகம்

ஐம்பதுக்குப் பின் ஓர் ஓட்டம் – 11

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையோரத் திண்டில் நான் உட்கார்ந்துவிட்ட இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். ஆறு வாரம் ஓடவே கூடாது என்றார் பிசியோதெரபிஸ்ட். ஏழாவது வாரம், 2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்கு அதே திண்டுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் ஓட்டக் குழுவில் பெரும்பாலானவர்கள் முப்பதுகளில் இருப்பவர்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகும் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா. அப்போது அவருக்கு வயது 61, எனக்கு 52. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பருத்திச் சுடிதார், காலில் ஷூ, இடுப்பில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில்.

“இன்னிக்கு என்னோட வாம்மா. ஒண்ணே ஒண்ணுதான். பேசிக்கிட்டே வரணும். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.”

அன்று ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் ஆனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகநடை போன பெரியவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். கால் பிடிப்பதற்கு முன்பு நான் அதே தூரத்தை ஏழு நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தவள். எனக்கு அழுகை வந்தது. அக்காவோ அவர் பாட்டுக்குச் சாம்பார்ப் பொடி அரைக்கும் மில்லில் கூட்டம் அதிகமாகிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

எனக்குக் கால் ஏன் பிடித்தது என்பது பிறகுதான் புரிந்தது. ஓடத் தொடங்கியதும் முதலில் தேறுவது இதயமும் நுரையீரலும். சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும். ‘அட, நம்மால் முடிகிறதே’ என்று வேகத்தைக் கூட்டுவோம். ஆனால் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். எலும்பும் அப்படித்தான். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் முதல் சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எடை தாங்கும் பயிற்சி அதற்கு நல்லது. ஆனால் அந்த எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். என் இதயம் தயாராகிவிட்டது. குதிகால் இன்னும் நான் ஓடத் தொடங்கிய ஏப்ரல் மாதத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த கெண்டைக்கால் அந்த வித்தியாசத்தைத் தாங்கியது, தாங்க முடிந்தவரை.

முப்பது வயதுக்காரர் ஒருவர் இந்தத் தப்பைச் செய்தால் சீக்கிரமே எழுந்துவிடுவார். நமக்கு ஆறு வாரம். நடுவயதில் ஓட வருகிறவர்களிடம் நான் கையைப் பிடித்துச் சொல்ல விரும்புவது இதைத்தான்: மூச்சை நம்பி வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

பேசிக்கொண்டே ஓடுவது அக்காவின் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் தன் வீரர்களை ஞாயிறுதோறும் மலைப்பாதையில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடவிட்டவர். அவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியது வெறும் 800 மீட்டர். அதில் தங்கமும் வாங்கினார். அதே லிடியார்ட்தான் ஆக்லாந்தில் சாதாரண ஜனங்களை, இதய நோய் கண்டவர்களையும் சேர்த்து, மெதுவாக ஓட வைத்தார். 1962 இறுதியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மேனுக்கு அப்போது 51 வயது. அந்தக் கூட்டத்தோடு ஓடப் போய், மூச்சு இரைத்துக் கடைசியில் நின்றுவிட்டார். எழுபதைத் தாண்டிய ஒருவர், மாரடைப்பிலிருந்து மீண்டவர், பின்தங்கி வந்து பேச்சுத்துணையாகக் கூடவே ஓடி அவரைக் கொண்டுவந்து சேர்த்தார். ஊர் திரும்பிய போவர்மேன், இதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து 1967-ல் ‘ஜாகிங்’ என்ற புத்தகத்தை எழுதினார். அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கி ஓடியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர். ஆக்லாந்தில் பின்தங்கி வந்த அந்தப் பெரியவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அக்காவின் முகம்தான் தெரிந்தது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாதை எலியட்ஸ் கடற்கரையில் தொடங்கும். தியசாபிகல் சொசைட்டி மதிலை ஒட்டி அடையாறு, அங்கிருந்து திரு.வி.க. பாலம், சாந்தோம், கலங்கரை விளக்கம். பிறகு திரும்பி வருவோம். மாதத்துக்கு இரண்டு கிலோமீட்டர் என்று தூரம் கூடியது. பால் வண்டிகளும், சாந்தோம் பக்கம் மீன் கூடையோடு ஆட்டோவுக்குக் காத்திருக்கும் பெண்களும் எங்களுக்குப் பழகிப்போனார்கள். இருட்டில் ஒரு பெண் ஓடுவதற்கு முதல் தேவை இன்னொரு பெண். நல்ல ஷூவெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆறு மாதத்தில் நாங்கள் பேசாத பேச்சு இல்லை. பள்ளிக்கூடத்தில் தான் ஓடியதைப் பற்றி ஒரு நாள் அக்கா சொன்னார்.

“எங்க ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு நூறும் இருநூறும்தான். அதுக்கு மேல ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும்னு பி.டி. டீச்சரே சொல்வாங்க.”

அந்தப் பயம் ஓர் ஊரில் மட்டும் இருந்ததில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்க, அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி அது வர 1960 ஆயிற்று. பெண்கள் மாரத்தான் 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் முதன்முதலாக வந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது 37-ஆவதாக வந்த கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸை. சுவிட்சர்லாந்துக்காக ஓடினார், வயது 39. வெயிலில் உடல் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ள, ஸ்டேடியத்தின் கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்தே முக்கால் நிமிடம் எடுத்துக்கொண்டு தள்ளாடி வந்தார். அவருக்கு வியர்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்த மருத்துவர்கள், உடல் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது என்று தெரிந்து, தொடாமல் கூடவே நடந்தார்கள். தொட்டிருந்தால் அவர் தகுதி இழந்திருப்பார். அந்த வருஷம் அக்கா கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1986-ல், சியோல் ஆசிய விளையாட்டில் பி.டி. உஷா நான்கு தங்கம் வாங்கினார். எனக்கு அப்போது 14 வயது. பாவாடையைச் செருகிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிவிட்டு வந்தேன். “பெரிய பொண்ணாயிட்டு என்னடி ஓட்டம்?” என்று பாட்டி கேட்டாள். அதன் பிறகு ஓடவில்லை, 38 வருஷம்.

சென்னையில் வியர்வை ஒரு தனிக் கதை. உடம்பைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதுதான். வழிந்து சொட்டுவதால் பயனில்லை. கடலோரக் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை காய இடமில்லை. உடம்பு இன்னும் அதிகமாக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. ஒரே வேகத்தில் ஓடினாலும் நேரம் போகப் போக இதயத் துடிப்பு ஏறுகிறது. முதல் அரை மணியில் 138 காட்டும் என் கடிகாரம், அதே வேகத்துக்கு இரண்டாம் மணி நேரத்தில் 155 காட்டும். பயந்துபோய்த் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அக்கா பாட்டிலில் கொண்டுவந்தது உப்புப் போட்ட நீர்மோர். பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் போகும் நாட்களில் சுடிதார்ப் பையில் கடலை மிட்டாய் இருக்கும். தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை இரண்டு மணி நேரத்துக்குள் அடிமட்டத்துக்கு வந்துவிடும் என்பதால், பசிப்பதற்கு முன்பே ஒரு துண்டு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு ஞாயிறுகள் போயின. மார்கழிக் கடைசியில் 18 கிலோமீட்டர் ஓடினோம். ஜனவரியில் போட்டி.

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். அந்தத் தசமங்கள் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டரில் பாதி. 18 வரை எனக்குத் தெரியும். மீதி மூன்று கிலோமீட்டர் என் காலுக்குத் தெரியாது.

இருட்டில் கிளம்பினோம். முதல் கிலோமீட்டரில் நூற்றுக்கணக்கானவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். என் கால் தானாக அவர்கள் பின்னால் இழுத்தது. அக்கா என் முழங்கையைத் தொட்டார். “மில்லுக்காரர் பொண்ணுக்கு வரன் அமைஞ்சுடுச்சு, தெரியுமா?” என்றார். நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வேகம் தானே இறங்கியது.

பத்து கிலோமீட்டருக்கு 88 நிமிடம். பதினைந்து வரை பேசினேன். பதினாறாவது கிலோமீட்டரில் சூரியன் மேலே வந்துவிட்டது. அக்கா ஏதோ கேட்டார். வாய் திறந்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. தொடை இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனத்தன. பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். குறைத்தேன். அப்போதும் பேச்சு வரவில்லை.

“நீங்க போங்கக்கா” என்று கையால் காட்டினேன்.

அவர் போகவில்லை. “சரி, நீ கேட்டுக்கிட்டே வா. நான் பேசறேன்” என்றார். “நான் இருபத்தொன்பது வருஷம் பஸ்ல போனேன், மந்தைவெளியிலேர்ந்து பாரிமுனைக்கு. ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்றேன். முதல்ல மந்தைவெளி. டிப்போவுக்குள்ளேயே ஏறிடுவேன், ஜன்னலோரம் கிடைக்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி எப்பவும் ஒரு பூக்காரம்மா. எனக்கு அஞ்சு நாளும் முழம் எட்டணாவுக்குக் குடுத்தாங்க, விலை ஏறினப்பக்கூட…”

லஸ் வந்தது. அங்கே ஏறும் செவிட்டுத் தாத்தா, அவருக்காகச் சில்லறையை எண்ணிக் கொடுக்கும் கண்டக்டர். பதினேழு கிலோமீட்டர் பலகை தாண்டியது. ராயப்பேட்டை மணிக்கூண்டில் ஒரு மழைநாள். பஸ் பழுதாகி நிற்க, அக்கா பரீட்சைத் தாள்களைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நடந்தது. பதினெட்டு. அதற்கு மேல் என் கால் அறியாத தூரம். எல்.ஐ.சி. ஸ்டாப்பில் அக்காவின் பழைய மாணவி ஒருத்தி தினமும் ஏறுவாள். கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவள். துணிக்கடையில் வேலை. அவளுக்குப் பத்து ஸ்டாப் தூரத்தில், நின்றுகொண்டே, தினமும் ஒரு கணக்காகச் சொல்லிக்கொடுத்துத் தனித்தேர்வு எழுத வைத்தது. பாஸா இல்லையா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. பேச வாயில்லை. அதைத் தெரிந்துகொள்ளவாவது அடுத்த அடி வைக்க வேண்டியிருந்தது.

இருபது. இருபத்தொன்று. கடைசி நூறு மீட்டரில் தெருவோரம் கைதட்டியவர்களை நான் பார்க்கவே இல்லை. 3 மணி 6 நிமிடம். யாரோ கழுத்தில் பதக்கம் போட்டார்கள். யாரோ வாழைப்பழம் கொடுத்தார்கள். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, மோர் பாட்டிலைக் காலி செய்த பிறகுதான் எனக்குக் குரல் திரும்பியது.

“அந்தப் பொண்ணு பாஸாயிட்டாளாக்கா?”

அக்கா ஷூ முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பதான் சிம்சன் தாண்டியிருக்கோம்” என்றார். “சென்ட்ரல் இருக்கு, பாரிமுனை இருக்கு. ஞாயித்துக்கிழமை வா, சொல்றேன்.”

(தொடரும்)