காருக்கும் மேனி உண்டு!

"ஏம்மா, பாத்திரம் தேய்க்கிற நாரைப் போட்டா பானெட்டைத் தேய்ச்சீங்க?"

விழுப்புரத்துப் பெயிண்டர் அண்ணன் இப்படிக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேய்த்தவள் நான்தானே!

நாங்கள் இருப்பது திண்டிவனத்தில். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் வேலை. மாமியாரை மாதம் ஒரு தடவை புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டும். முழங்கால் வலியோடு அவரால் பஸ்ஸில் ஏறி இறங்க முடியவில்லை. மூன்று வருஷம் சீட்டுக் கட்டி, போதாததற்கு என் வளையல் இரண்டை அடகு வைத்து, கருநீல நிறத்தில் ஒரு பழைய கார் வாங்கினோம். எங்கள் குடும்பத்தில் வந்த முதல் கார் அதுதான்.

வாங்கிய மூன்றாம் மாதம் நாத்தனார் வீட்டார் வருவதாகத் தகவல். வாசல் புளிய மரத்துக் காக்கைகள் பானெட் முழுக்க 'அபிஷேகம்' செய்து வைத்திருந்தன. எல்லாம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பச்சை நாரும் பாத்திரப் பவுடருமாக இறங்கி விட்டேன். ஈரமாக இருந்தவரை பளிச்சென்றுதான் இருந்தது. காய்ந்ததும்தான் தெரிந்தது, பானெட் பூராவும் சுழி சுழியாக வெள்ளைக் கோடுகள்!

"அழுக்கை விட்டிருந்தாக்கூட தேவலையே" என்றார் என் வீட்டுக்காரர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பெயிண்டர் அண்ணன் மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டுக் கோடுகளைப் போக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன்.

"கீறலை நான் மூடலைம்மா. கீறல் எவ்வளவு ஆழமோ, அவ்வளவுக்குச் சுத்தி இருக்கிறதையும் சீவி எடுத்திருக்கேன். இப்படி ரெண்டு தடவை, மூணு தடவைதான் முடியும். அப்புறம் புதுசாத்தான் பெயிண்ட் அடிக்கணும். திருப்பி அடிச்ச வண்டியை விக்கப் போனா, 'எங்கே இடிச்சீங்க?'ன்னுதான் முதல்ல கேப்பாங்க!"

தலைமுடியை விட மெல்லிசு

காரின் மேல் தெரியும் வண்ணம் ஒரே பூச்சு இல்லை, சகோதரிகளே! தகட்டின் மேல் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போல நிறமே இல்லாத 'கிளியர் கோட்'. இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான் கனம்தான். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான். பார்த்துக் கொள்ளுங்கள்!

இந்த மெல்லிய கவசம்தான் வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிரைத் தாங்கிக்கொண்டு, அடியில் உள்ள நிறம் வெளுக்காமல் காக்கிறது. அதைத் தேய்த்துக் கரைத்துவிட்டால் கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிவது போல உரிய ஆரம்பிக்கும்.

"எங்கப்பா அம்பாசடரை வாராவாரம் பாலிஷ் போட்டுத் தேய்ப்பாரே, ஒண்ணும் ஆகலையே?" என்று நீங்கள் கேட்கலாம். 2014-ல் உற்பத்தி நின்று போன அந்த அம்பாசடர்களில், முக்கியமாகப் பழைய வண்டிகளில், மேலே தனிக் கவசம் கிடையாது. நிறப்பூச்சே மேல்பூச்சு. தேய்க்கும் துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். வெளுத்த மேல்பாகம் போய் அடியிலிருந்து புது நிறம் தெரியும். அந்த வண்டிக்கு அந்த வைத்தியம் சரி. இன்றைய காருக்கு அதே வைத்தியம் ஆபத்து.

நம் ஊர் எதிரிகள்

'திந்திரிணி' என்றால் புளிய மரம். திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஊர்க் கோயில் ஈசனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றுதான் பெயர். நிழலுக்காக மரத்தடியில் காரை நிறுத்துவது நமக்குப் பழக்கம். ஆனால் அங்கேதான் காக்கை எச்சம். வெயிலில் சூடேறும்போது பூச்சு கொஞ்சம் இளகும், ஆறும்போது இறுகும். மேலே காய்ந்த எச்சம் இருந்தால் அந்த இடத்தில் நிரந்தரமாகத் தழும்பு விழுந்துவிடும். புளிய இலையோ பொடிப்பொடியானது. முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள சந்தில் விழுந்து, தண்ணீர் போகும் துளையை அடைத்து, ஈரத்தைத் தேக்கித் துருவை வரவழைக்கும். வாரம் ஒரு முறை அந்தச் சந்தில் கையை விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

கிழக்கே மரக்காணம். ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளம். அந்தப் பக்கம் கடற்கரைச் சாலையில் போய் வந்தால் காரின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். நெடுஞ்சாலையில் ஜல்லி ஏற்றிய லாரிக்குப் பின்னால் போனால் பொடிக்கல் தெறித்துப் பெயிண்டில் சிறு பொட்டு பெயரும். பெயர்ந்த இடமும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் துருவுக்கு விருந்துதான்! உள்ளுக்குள்ளேயே பரவி ஒருநாள் கொப்புளமாக வெடிக்கும். அதே நிறத்தில் டச்-அப் பெயிண்ட், நகப்பாலிஷ் போலச் சின்ன பிரஷ்ஷோடு கிடைக்கிறது. காரில் ஒட்டியிருக்கும் வண்ண எண்ணைச் சொல்லி வாங்கி, இடத்தைக் காயவைத்து ஒரு சொட்டு வையுங்கள்.

சேறும் லேசுப்பட்டதல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்ததும் பலர் முதலில் செய்த காரியம், காய்ந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்ததுதான். சேற்றில் இருப்பது மணல் அல்லவா? அது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, தானாகக் கரைந்து ஓடிய பிறகே துணி படலாம்.

குளிப்பாட்டும் முறை

காலை இளவெயிலுக்கு முன், அல்லது மாலையில், கார் சூடு ஆறி நிழலில் நிற்கும்போது கழுவுங்கள். வெயிலில் கழுவினால் தண்ணீர் உடனே காய்ந்து திட்டுத் திட்டாக உப்புக் கறை நிற்கும்.

வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். புடவையில் குத்திய ஊக்கையும்தான்! என் காரின் கதவில் இருக்கும் ஒரு நீளக் கோடு என் மோதிரம் போட்டது.

இரண்டு பக்கெட் எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு ஒரு மூடி. இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் மேலிருந்து கீழாக மக்கில் தண்ணீர் ஊற்றி மண்ணை ஓட்டுங்கள். பிறகு மெத்தென்ற பூந்துணியை (மைக்ரோஃபைபர் என்று கடையில் கேளுங்கள்) ஷாம்புத் தண்ணீரில் முக்கி, கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்ற வரிசையில் அழுத்தாமல் நேர்கோட்டில் துடையுங்கள். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டே மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்காகத்தான் இரண்டாவது பக்கெட். டயருக்கும் சக்கரத்துக்கும் தனித் துணி, கடைசியில். துணி தரையில் விழுந்துவிட்டால் அதை எடுக்காதீர்கள், வேறு துணி!

அலசிய பிறகு தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். நம் போர் தண்ணீர் எவ்வளவு கடினம் என்பது வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவுதான் காரிலும். உலர்ந்த பூந்துணியால் உடனே ஒற்றி எடுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சிக்கனம் என்று காருக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் உப்பு இன்னும் அதிகம், வேண்டாம். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை.

பைப்பைத் திறந்து விட்டால் பத்து நிமிடத்தில் 100 லிட்டருக்கு மேல் ஓடிவிடும். பக்கெட்டில் செய்தால் நாலு பக்கெட்டில் வேலை முடியும். கோடையில் குடத்தோடு நின்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்ன?

நடுவில் எச்சம் விழுந்தால், ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் வழித்து எடுத்துவிடலாம். சுரண்டல் கூடாது.

மெழுகு எதற்கு?

தலைக்கு எண்ணெய் தடவுகிறோம். வெயிலும் தூசியும் முதலில் எண்ணெயைத்தான் தொடுகின்றன. காருக்கு மெழுகு அப்படித்தான். தான் தேய்ந்து பெயிண்டைக் காக்கும். பெயிண்ட் தேய்ந்தால் திரும்பாது, மெழுகு தேய்ந்தால் மறுபடி பூசிக் கொள்ளலாம். விஷயம் இவ்வளவுதான்!

நல்ல கார் மெழுகுகளில் சேர்க்கும் 'கார்னாபா' பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை ஜாதி மரத்தின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. வறட்சியில் ஈரம் வற்றாமலிருக்க அந்த மரம் தன் ஓலை மேல் பூசிக்கொள்ளும் மெழுகு அது. தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸ் சுமாரில் உருகிவிடும். இது 80 டிகிரி தாண்டித்தான் உருகும். கத்திரி வெயிலுக்கு இதை விட்டு வேறு எதைத் தேடுவது?

கழுவித் துடைத்து நன்றாக உலர்ந்த காரில், நிழலில் வைத்துப் பூசுங்கள். ஸ்பாஞ்சில் புளியங்கொட்டை அளவு எடுத்தால் போதும். ஒரு கதவு, பிறகு அடுத்த கதவு என்று ஒவ்வொரு பாகமாக மெல்லிசாகத் தடவுங்கள். சில நிமிடத்தில் புகை படிந்தது போல மங்கும். அப்போது சுத்தமான பூந்துணியால் துடைத்தால் பளபளவென்று வரும். கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் பட்டால் வெள்ளைக் கறை விழும். முன் கண்ணாடியில் பட்டால் இரவில் வைப்பர் ஓடும்போது பார்வை மங்கும். இரண்டிலும் படவிடாதீர்கள்.

நம் வெயிலுக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச வேண்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலை போல முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. பரவலாக வழிந்தால் பூசும் நாள் வந்துவிட்டது. புதிதாகப் பெயிண்ட் அடித்த கார் என்றால், எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அடித்தவரிடமே கேளுங்கள். உடனே மெழுகு கூடாது.

கடையில் ஒரு விஷயம் கவனம்: டப்பாவில் 'ரப்பிங்', 'கட்டிங்', 'காம்பவுண்ட்' என்று இருந்தால் அது மெழுகல்ல, சீவி எடுக்கும் மருந்து. அது பட்டறைக்காரர் கையில் மட்டும் இருக்கட்டும்.

இவை வேண்டாமே!

* துணிப் பவுடர், பாத்திர சோப்பு: சீயக்காய் எண்ணெயை எடுப்பது போல மெழுகை எடுத்துவிடும்.
* மண்ணெண்ணெய், டீசல்: துடைத்ததும் மினுக்கும். பிறகு தூசி எல்லாம் வந்து ஒட்டும்.
* காலையில் காய்ந்த துணியால் 'தூசி தட்டுவது': தினம் ஒரு கீறல்.
* ஆயுத பூஜைக்குப் பானெட்டில் குங்குமம்: வெள்ளைக் காரில் சிவப்புத் தடம் நின்றுவிடும். கண்ணாடியின் ஓரத்தில் வைத்தால் சாமி கோபிக்காது! முந்தின நாளே மெழுகு பூசியிருந்தால் இன்னும் நல்லது.
* குழந்தையைப் பானெட்டில் உட்கார வைத்துப் போட்டோ: டிராயர் பித்தான் பதியும். தகடும் சுடும்.

உங்கள் உடம்பையும் பாருங்கள்

பல மெழுகுகளில் பெட்ரோலிய திரவம் கலந்திருக்கும். காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தள்ளி வைத்துப் பூசுங்கள். கையுறை போட்டால் தோல் அரிப்பு வராது. டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கீழ்ப் பாகங்களைக் குனிந்து துடைக்காமல் முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யுங்கள். பிரசவித்த உடம்புக்காரர்கள் பக்கெட் தூக்கும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிடலாம். அவருக்கும் தெரியட்டுமே!

இந்தத் தை மாதம் வேறொரு வேலையாக விழுப்புரம் போனபோது பெயிண்டர் அண்ணனிடம் காரைக் காட்டினேன். பானெட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். "யாருக்கிட்ட பாலிஷ் போட்டீங்க?" என்று கேட்டார். "நான்தான் அண்ணே, மெழுகு மட்டும்" என்றேன். "இப்படியே வச்சுக்கங்க. என்கிட்ட வரவே வேணாம்" என்று சிரித்தார்.

போன வாரம் ஜிப்மருக்குக் கிளம்பும்போது, என் மாமியார் கதவைத் திறக்காமல் ஒரு நிமிடம் நின்றார். என்னவென்று பார்த்தால், கார்க் கதவில் தெரிந்த முகத்தைப் பார்த்து நெற்றி விபூதியைச் சரிசெய்து கொண்டிருந்தார்.

அடகு வைத்த வளையல்களில் ஒன்றை மீட்டாயிற்று. காரைத் துடைக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுகிறேன்!